ஐந்தாவது கிட்டாருக்கு ஒரு நியாயம்

கேட்டவர் வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர். கையில் நான்கு கிட்டார்: கல்லூரி நாளில் வாங்கிய அகூஸ்டிக், "இது அதைவிட நல்ல மரம்" என்று பிறகு வாங்கிய எலக்ட்ரோ அகூஸ்டிக், ஒரு நைலான் கம்பி கிட்டார், ஒரு ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் வகை எலக்ட்ரிக்). இப்போது ஒரு செமி ஹாலோ (உடல் பாதி கூடான எலக்ட்ரிக்) மேல் கண் விழுந்திருக்கிறது. வீட்டில் மனைவி, "இருக்கிற நாலையும் வாசிச்சு முடிச்சாச்சா?" என்கிறாராம். ஐந்தாவதை வாங்க நியாயமான காரணம் உண்டா, இல்லை இது ஏதாவது வியாதியா என்பது கேள்வி.

வியாதியெல்லாம் இல்லை. ஆனால் பெயர் வைக்கும் அளவுக்குப் பலருக்கு வந்துவிட்ட ஆசை. அமெரிக்க ராக் குழுவான ஸ்டீலி டானின் வால்டர் பெக்கர் 1990களில் ஒரு கிட்டார் பத்திரிகையில் இதை 'கிட்டார் அக்விசிஷன் சிண்ட்ரோம்' (கிட்டார் வாங்கிச் சேர்க்கும் நோய்) என்று கேலி செய்து எழுதினார். இன்று கேமராக்காரர்கள், சின்தசைசர்காரர்கள், பேனா சேர்ப்பவர்கள் வரை எல்லோரும் அந்தப் பெயரைத் தங்களுக்கும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கடன் வாங்கி வாங்குவது, வீட்டுக்குத் தெரியாமல் ஆபீஸ் முகவரிக்கு டெலிவரி போடச் சொல்வது என்று போனால்தான் கவலைப்பட வேண்டும். நீங்கள் மனைவியிடம் சொல்லிவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நல்ல அறிகுறி.

நான் கோடம்பாக்கம் பக்கம் கிட்டார் சொல்லிக்கொடுப்பவன். பிறருடைய கிட்டார்களுக்கு செட்டப்பும், அதாவது கம்பி உயரம், கழுத்து எல்லாம் சரிசெய்து கொடுப்பதும், செய்கிறேன். அதனால் எனக்கு இது மனசு சம்பந்தப்பட்ட கேள்வியாகத் தெரிவதைவிடப் பராமரிப்புக் கேள்வியாகத்தான் தெரிகிறது. என் கணக்கில், உறையிலிருந்து எடுத்து சுருதி சேர்த்ததும் வாசிக்க வருவதுதான் கிட்டார். கம்பி துருப்பிடித்து, கழுத்துக்கு மேல் கம்பி நிற்கும் உயரம், அதாவது ஆக்‌ஷன் ஏறி, பரண் மேல் கிடப்பது மரச்சாமான். சென்னைக் காற்றில் நீங்கள் எத்தனையை முதல் நிலையில் வைத்திருக்க முடியுமோ அத்தனைதான் உங்களுக்கான எண்ணிக்கை. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு இதற்குத் திரும்ப வருகிறேன்.

ஒருவரிடம் பல வாத்தியம் இருப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. மார்கழியில் ஏதாவது ஒரு சபாவில் புல்லாங்குழல் வித்வான் பையைத் திறக்கும்போது எட்டிப் பாருங்கள், ஒரு கட்டுக் குழல் இருக்கும். குழலின் சுருதி துளை போட்ட அன்றே முடிவாகிவிடும். பாடகர் ஒன்றரைக் கட்டை என்றால் அதற்கொரு குழல், ஐந்து கட்டை என்றால் அதற்கு வேறொன்று. மிருதங்கக்காரரும் ஆண் குரலுக்குத் தக்கு சுருதி, பெண் குரலுக்கு ஹெச்சு சுருதி என்று தனித்தனியாக வைத்திருப்பார். வாரை எவ்வளவு இழுத்தாலும் ஒரு அளவுக்கு மேல் ஒன்று மற்றொன்றாகாது. அவர்கள் வீட்டில் யாரும் "இத்தனை எதற்கு" என்று கேட்பதில்லை. கேட்டாலும் பதில் ஒரு வரியில் முடிந்துவிடும். கிட்டார்காரனுக்கு அந்த வசதி இல்லை. சுருதி மாற்ற சில நூறு ரூபாய்க்கு ஒரு கேப்போ (கழுத்தில் கம்பிகளை அழுத்தும் கவ்வி) போதும்.

அப்படியானால் கிட்டாரில் ஒன்று மற்றொன்றாக முடியாத இடம் எது? நைலானும் ஸ்டீலும். சாதாரண லைட் கேஜ் ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ அளவுக்கு இழுக்கும். நைலான் அதைவிட வெகு குறைவு. நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டினால் பிரிட்ஜ் (உடலில் கம்பியைக் கட்டும் கட்டை) பெயர்ந்து வரும். கழுத்தின் அகலமும் வேறு: நைலான் மாட்டும் கிளாசிகலில் நட் (தலைப்பக்கம் கம்பி உட்காரும் பட்டை) பக்கம் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர், ஸ்டீலில் 43 அளவில். விரல் பழக்கமே மாறுகிறது. எலக்ட்ரிக்குக்கு வந்தால், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் சிங்கிள் காயில், ஹம்பக்கர் என்று இரண்டு வகை. சிங்கிள் காயில் பிக்கப் கம்பியின் அதிர்வை மட்டும் பிடிக்காது, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரை இரண்டில் வைத்துவிட்டு ஸ்ட்ராட்டை ஆம்பில் சொருகிப் பாருங்கள், புரியும். கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1955ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் இதற்குத்தான் வந்தது. எதிரெதிராக இணைத்த இரண்டு காயில்களில் அந்த ரீங்காரம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் ஒலி கூடி நிற்கும். குரலும் கனமாகும். பன்னிரண்டு கம்பி கிட்டாரும் தனி ஜாதிதான்.

வடபழனி, சாலிகிராமம் ஸ்டுடியோக்களில் வாசிப்பவர் இவை எல்லாவற்றையும் வைத்திருக்கிறார் என்றால், காலையில் நைலான் கேட்கும் இசையமைப்பாளர் மதியம் ஓவர்டிரைவ் (கரகரத்த எலக்ட்ரிக் ஒலி) கேட்பார் என்பதால். அது அவருடைய பிழைப்பு. உங்களிடம் யாரும் அப்படிக் கேட்கப் போவதில்லை. ஆனால் உங்கள் பட்டியலில் நைலான், ஸ்டீல், சிங்கிள் காயில் மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கில் இரண்டு ஒரே வேலையைச் செய்பவை என்பதையும்.

அந்த இரண்டாவது அகூஸ்டிக்கை நீங்கள் வாங்கிய காரணம் "நல்ல மரம்". நான் அதிகம் கேட்கும் காரணமும் அதுதான். மேல் பலகை திட மரமா ஒட்டுப்பலகையா என்பதில் வித்தியாசம் காதுக்குத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். பின்பலகை, பக்கப்பலகை விஷயத்தில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. 2018ல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு சோதனை வெளியானது. ஒரே கைவினைஞர் ஒரே அளவில் ஆறு ஸ்டீல் கிட்டார்கள் செய்தார். பின்பலகையும் பக்கமும் மட்டும் ஆறு வேறு மரம்: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். மங்கலான வெளிச்சத்தில் 52 கிட்டார் கலைஞர்களுக்கு இருண்ட கண்ணாடி மாட்டி வாசிக்கக் கொடுத்தார்கள். விலையில் மலைக்கும் மடுவுக்கும் இருக்கிற வித்தியாசம் அவர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் இல்லை. பெரும்பாலோரால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சொல்லவும் முடியவில்லை.

அந்த இந்திய ரோஸ்வுட் வேறெதுவும் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டிதான், தோதகத்தி என்றும் சொல்வோமே அது. 2017 ஜனவரியில் அந்த மரக் குடும்பம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கிட்டார் கம்பெனிகள் அனுமதிச் சீட்டுக்கு அலைந்தன. ஃபெண்டர் தன் மெக்சிகோ தொழிற்சாலை கிட்டார்களுக்கு பாவ் ஃபெர்ரோ மரத்துக்கு மாறியது. 2019 இறுதியில், செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் "ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு இனி கிடைக்காது, இப்பவே வாங்கிடணும்" என்று வாங்கிக் குவித்தவர்களை எனக்குத் தெரியும். இப்போது கடையில் தாராளமாகக் கிடைக்கிறது.

"இது முதலீடு" என்பது அடுத்தது. 2019 ஜூனில் பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் நியூயார்க்கில் தன் கிட்டார்கள் 120க்கு மேல் ஏலத்தில் விட்டார். கறுப்பு ஸ்ட்ராட் ஒன்று மட்டும் ஏறத்தாழ 40 லட்சம் டாலருக்குப் போனது. அந்த விலை கிட்டாருக்கா, அதைப் பிடித்திருந்த கைக்கா? நீங்களும் நானும் வாங்குவது ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வரும் சரக்கு. கடை வாசலைத் தாண்டியதும் விலை இறங்கத் தொடங்கிவிடும். இன்று கோடிகளில் பேசப்படும் 1950களின் கடைசியில் கிப்சன் செய்த லெஸ் பால் எலக்ட்ரிக் கிட்டார்களே அன்று விற்காமல் தேங்கின. 1961ல் கம்பெனி அந்த வடிவத்தையே மாற்றிவிட்டது. எது பின்னாளில் விலை போகும் என்று செய்தவர்களுக்கே தெரியவில்லை. ஆடித் தள்ளுபடியில் நமக்கு எங்கே தெரியப் போகிறது!

பிள்ளைக்காக வாங்குகிறேன் என்பவர்களும் உண்டு. பிள்ளைக்கு ஐந்து வயது, வாங்குவது முழு அளவு. விட்டுவிடுவோம். "நீ புடவை வாங்கும்போது நான் கேட்டேனா" என்ற வாதத்தையும் தயவுசெய்து எடுக்காதீர்கள். புடவை நாலு கல்யாணத்துக்காவது வெளியே போகிறது.

ஆசை எப்படி வேலை செய்கிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்ற மூளை ஆராய்ச்சியாளர் எலிகளை வைத்துக் காட்டியது இது: ஒன்றை வேண்டும் என்று துடிப்பதும், கிடைத்தபின் அதை ரசிப்பதும் மூளையில் ஒரே ஏற்பாடு அல்ல. டோபமைன் வேலை செய்வது பெரும்பாலும் துடிப்பில்தான். டோபமைன் இல்லாமல் ஆக்கப்பட்ட எலி சர்க்கரையைத் தேடிப் போகாது, வாயில் வைத்தால் ரசிக்கும். இரவு பதினொரு மணிக்கு மேல் டெமோ வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு நடப்பது முதல் வகை. ஆசை உச்சத்தில் இருப்பது பார்சல் வரும்வரை. டெமோ வாசிப்பவர் முன்னூறு ரூபாய் கிட்டாரையும் பாட வைப்பார் என்பது வேறு கதை. ஒரு பாட்டில் எஃப் கார்டோ (ஒரே விரலால் பல கம்பிகளை அமுக்கும் பிடி), ஒரு வேகமான பிடியோ மாதக்கணக்காக வராமல் நிற்கும்போதுதான் என் மாணவர்களுக்குப் புது கிட்டார் ஆசை வருகிறது என்பது நான் தொடர்ந்து பார்ப்பது. அந்தச் சமயத்தில் நான் முதலில் கேட்பது அவர்களுடைய ஆக்‌ஷன் உயரத்தைத்தான். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பி நான்கு மில்லிமீட்டர் தூக்கி நின்றால் யாருக்கும் எஃப் கார்டு வராது. அதை இரண்டரைக்கு இறக்கிக் கொடுத்ததும் பலருக்குப் பழைய கிட்டாரே புதுசாகிவிடுகிறது.

இப்போது பராமரிப்புக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது.

திட மரத்தில் செய்த அகூஸ்டிக்குக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் சௌகரியம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் 80ஐத் தாண்டுவது சாதாரணம். மரம் ஈரத்தைக் குடித்து நார்களுக்குக் குறுக்கே விரியும். மேல் பலகை தொப்பை போடும், பிரிட்ஜ் உயரும், ஆக்‌ஷன் ஏறும். இதோடு போனால் பரவாயில்லை. இரவு முழுக்க ஏசி போட்ட படுக்கையறையில் கிட்டாரை ஸ்டாண்டில் நிறுத்தியிருப்பீர்கள். ஏசி காற்றை உலர்த்துகிறது. காலையில் அணைத்து ஜன்னலைத் திறந்ததும் கடற்காற்று உள்ளே வருகிறது. தினமும் இப்படி விரிந்து சுருங்குவது ஒரே சீரான ஈரத்தைவிடக் கெடுதல். கையை நெக்கின் ஓரமாக ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் கீறுகின்றனவா? மரம் சுருங்கி, சுருங்காத உலோகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒட்டுப்பலகை கிட்டார் இந்த ஊரில் அதிகம் ஆடாது. உங்கள் கல்லூரி காலத்து விலை குறைந்த கிட்டார் இன்னும் நேராக நிற்கிறது, விலை உயர்ந்தது சண்டித்தனம் செய்கிறது என்றால் அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கம்பி தனிக் கதை. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்புக்காற்றில் புதுக் கம்பி சில வாரத்திலேயே மங்கிவிடும். கை வியர்வை வேறு. மேல் பூச்சு உள்ள கம்பி விலை கூட, ஆனால் இங்கே அது ஆடம்பரம் இல்லை. சுவரில் மாட்டுவதானால் மழை அடிக்கும் வெளிச்சுவரைத் தவிருங்கள், ஓதம் இறங்கும். பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் வெல்வெட்டில் பூஞ்சை பூத்திருக்கும், தோல் ஸ்ட்ராப் பச்சை படிந்திருக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு அவ்வப்போது மாற்ற வேண்டும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். தரைத்தளத்தில் இருந்தால் கட்டிலுக்கு அடியில் வைக்கவே வைக்காதீர்கள். 2015 டிசம்பரையும் 2023ன் மிக்ஜாம் புயலையும் வேளச்சேரிக்காரருக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. தண்ணீரில் ஊறிய அகூஸ்டிக் ஒட்டுவிட்டுப் போனால் அதைச் சேர்ப்பதற்குப் புதிதே வாங்கலாம்.

இதற்கெல்லாம் செலவு என்ன? ஒரு செட் கம்பி 700 ரூபாய் என்றும், ஸ்டீல் கிட்டார்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நைலானுக்கு வருடத்தில் இரண்டு முறை மாற்றுவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஸ்டீலுக்கு 12,600, நைலானுக்கு 1,400. வருடத்துக்கு ஒருமுறை செட்டப், ஒன்றுக்கு 1,500 என்றால் நான்குக்கு 6,000. மொத்தம் 20,000 ரூபாய். இந்தத் தொகையை நீங்கள் செலவு செய்துகொண்டிருக்கிறீர்களா? இல்லை என்றால், உங்களிடம் நான்கு கிட்டார் இல்லை, ஒன்றரையோ இரண்டோதான் இருக்கிறது. மனைவி கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான், அவர் வேறு பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்.

சரி, செமி ஹாலோ. கிப்சன் 1958ல் கொண்டுவந்த இஎஸ்-335தான் இந்த வகைக்கு மூலம். நடுவில் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு மரக்கட்டை, இரண்டு பக்கமும் கூடு, இரண்டு ஹம்பக்கர். முழுக்கூடான கிட்டார் ஆம்பைக் கூட்டினால் ஊளையிடும். நடுக்கட்டை அதை அடக்குகிறது, ஆனால் முழுதாக அல்ல. அந்த மிச்சம்தான் அதன் அழகே. சத்தமாக வாசிக்கும்போது ஆம்பிலிருந்து வரும் காற்று கூட்டைத் தொட்டு, ஸ்வரம் கையில் நின்று வளரும். அடுக்குமாடியில் ஹெட்ஃபோன் மாட்டி, மாடலர் (ஆம்பின் ஒலியைப் போலச் செய்யும் கருவி) வழியே வாசிப்பவருக்கு அது நடக்கவே நடக்காது. உங்களுக்குக் கிடைக்கப் போவது இரண்டு ஹம்பக்கரின் கனத்த குரல் மட்டும். அதில் பாதியை உங்கள் ஸ்ட்ராட்டிலேயே வரவழைக்கலாம். சிங்கிள் காயில் அளவிலேயே செய்த ஹம்பக்கர் கிடைக்கிறது, பிரிட்ஜ் பக்கத்து இடத்தில் அப்படியே உட்காரும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சால்டரிங் அயர்ன் வாங்கத் தெரிந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் இரட்டைக் கம்பி மாண்டலினை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளுள்ள எலக்ட்ரிக் மாண்டலினில்தான் கமகத்தைப் பேச வைத்தார். குயீன் குழுவின் பிரையன் மே 1963ல் அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்பு மரச்சட்டத்தில் செய்யத் தொடங்கிய கிட்டாரைத்தான் இன்றும் பிரதானமாக வைத்திருக்கிறார். இருக்கிற வாத்தியத்தைத் தனக்கேற்ப மாற்றுவதிலும் ஒரு ருசி இருக்கிறது.

ஆனாலும் செமி ஹாலோவுக்கு ஒரு நியாயம் உண்டு, அதை நானே சொல்கிறேன். ஆம்ப் இல்லாமல் வாசித்தாலும் ஸ்ட்ராட்டைவிட அது நன்றாகக் கேட்கும், அகூஸ்டிக் அளவுக்குப் பக்கத்து ஃப்ளாட்டை எழுப்பாது. வேலை முடிந்து இரவில் ஹாலில் உட்கார்ந்து, எதையும் சொருகாமல், கால் மணி நேரம் வாசிக்கிற ஆள் நீங்கள் என்றால் அதிகம் கையில் எடுக்கப் போவது அதைத்தான். அப்படி வாசிக்கும் பழக்கம் இப்போதே இருந்தால் வாங்குங்கள். வாங்கியபின் அந்தப் பழக்கம் வரும் என்று எண்ணி வாங்க வேண்டாம்.

வாங்குவதானால் இரண்டு அகூஸ்டிக்கில் ஒன்றை முதலில் விற்றுவிடுங்கள். நான் எலக்ட்ரோ அகூஸ்டிக்கை விற்கச் சொல்வேன், விலை போகும். கல்லூரி கிட்டார் இந்த வெயிலையும் மழையையும் தாங்குகிறது. விற்கும்போது ஒரு எச்சரிக்கை: தன் கையில் இருக்கும் பொருளுக்கு நாம் எல்லோருமே விலை ஏற்றித்தான் சொல்வோம். கானெமன், நெட்ஷ், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990ல் வெளியிட்ட சோதனையில், காபிக் கோப்பையை இலவசமாகப் பெற்றவர்கள் விற்கக் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தரத் தயாராக இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். வந்த விலை அவமானமாகத் தோன்றினால் ஒரு வாரம் கழித்து மறுபடி யோசியுங்கள்.

செமி ஹாலோவைப் பழையதாக வாங்கப் போகும்போது சொந்த கேபிளைக் கொண்டு போங்கள். கிட்டாரைத் துப்பாக்கி பிடிப்பதுபோல் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தலைப்பக்கத்திலிருந்து நெக்கின் இரு ஓரமும் ஒரே கோட்டில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அமுக்கி வாசியுங்கள், விற்பவர் பொறுமை இழந்தாலும் பரவாயில்லை. எஃப் வடிவத் துளைக்குள் மொபைல் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை, பசை விட்ட தடயம் தேடுங்கள். வாசனையும் பிடித்துப் பாருங்கள், வெள்ளத்தில் கிடந்த மரம் பெயின்ட்டுக்குப் பின்னாலும் மணக்கும். ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடும், வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) நட்டு இன்னும் திரும்புகிறதா என்று விற்பவரையே கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஜாக் கரகரத்தால், வால்யூம் திருகும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால், விலையைக் குறைக்கச் சொல்லி வாங்கலாம். செமி ஹாலோவில் எல்லாவற்றையும் அந்தத் துளை வழியாகத்தான் வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விட வேண்டும், மெக்கானிக் கூலியும் அதற்கேற்ப இருக்கும். நெக் முறுக்கியிருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.